அரியலூர்ச் சிப்பிப் பாறையை அறுத்துப் பெயரிட்ட பதிவு

அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்டு ஆலைகள் நாள்தோறும் நொறுக்கிச் சுடும் கல்லில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் முக்கியமானது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பிரிவான மாஸ்ட்ரிக்ட்டியனில், இன்றைய அரியலூர் கடலடியாக இருந்தபோது படிந்த கல் அது. உள்ளங்கையை நிறைக்கும் சிப்பிகள் அதில் அடுக்கடுக்காகக் கிடப்பதால், பார்க்க வருபவர்கள் அதைச் ‘சிப்பிப் பாறை’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெயரில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கடலடியை அலை எட்டியதா, சிப்பிகள் வாழ்ந்த இடத்திலேயே புதைந்தனவா, வேறிடத்திலிருந்து அடித்து வரப்பட்டனவா என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் அது விடை தராது. விடையில் பாதி சிப்பியிடம் இருக்கிறது; மறு பாதி சிப்பிகளுக்கு இடையே நிரம்பியுள்ள பொருளில் இருக்கிறது. அந்த இடைப்பொருளைப் பார்ப்பதற்காகக் கற்களை அறுத்து, தேய்த்து, அமிலத்தில் அரித்து, படியெடுத்துப் பார்த்த வேலையை இங்கே எழுதி வைக்கிறேன். 1953ஆம் ஆண்டுப் போராட்டத்தால் தமிழ்நாடு முழுவதும் பெயர் தெரிந்த கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல்லையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டேன். அது கிரெட்டேசியஸின் முற்பகுதியைச் சேர்ந்த ஆல்பியன் காலத்தது. கல்லங்குறிச்சிக் கல்லைவிட இரண்டரைக் கோடி ஆண்டுக்கும் மேல் மூத்தது.

இடத்தின் அடுக்கு வரிசையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 1862இல் புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியின் கிரெட்டேசியஸ் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் அந்தச் சட்டகமே அடிப்படையாக நிற்கிறது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் ஊட்டத்தூர்த் தொகுதியின் அடிப்பகுதியைச் சேர்ந்தது. அரியலூர்த் தொகுதிக்குள் கீழிருந்து மேலாகச் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று வரிசை அமைகிறது. இவற்றில் கல்லங்குறிச்சி ஒன்றுதான் சுண்ணாம்புக்கல். அதற்குக் கீழும் மணற்கல், மேலும் மணற்கல். இந்த வரிசையே ஒரு செய்தியைச் சொல்கிறது. மேற்கிலுள்ள பழம்பாறை நிலத்திலிருந்து கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த மணல், இடையில் ஒரு காலம் குறைந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஓடுடைய உயிர்கள் கடலடியைத் தம் ஓடுகளால் நிரப்பின. மணல் முழுவதும் நின்றுபோயிற்றா, குறைந்தது மட்டும்தானா என்பதைக் கல்லைக் கரைத்துப் பார்த்தால் அறியலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கல்லை எடுத்தல்

சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. வெடி வைத்த முகப்பின் அடியில் நிற்பது, அனுமதி இருந்தாலும் அறிவுடைய செயல் ஆகாது. நான் எடுத்த கற்களில் பெரும்பாலானவை, வேலை நடக்காத பழைய படிமேடைகளின் ஓரத்திலிருந்து, சுரங்க மேற்பார்வையாளர் உடனிருக்க எடுத்தவை. எடுப்பதற்கு முன் கல்லின் மேற்புறத்தில் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி இட்டு, எந்தப் பக்கம் மேல் என்பதை உறுதி செய்துகொண்டேன். இந்த அம்புக்குறி இல்லாத கல், வகைப்பாட்டுக்கு ஓரளவு உதவும். படிந்த விதத்தைப் படிக்க ஏறக்குறைய உதவாது. ஒரு சிப்பி குவிந்த பக்கத்தை மேலே வைத்துக் கிடந்ததா, கீழே வைத்துக் கிடந்ததா என்பதே முழு விளக்கத்தையும் மாற்றிவிடக் கூடியது.

சிப்பிகளின் கிடப்பை எண்ணும் வேலையை முகப்பிலேயே முடித்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும் கல்லில் மூன்று நான்கு சிப்பிகளுக்கு மேல் அடங்காது. அவற்றை வைத்துப் பொதுவாக எதையும் சொல்ல முடியாது. ஓர் அடுக்கின் நீளவாக்கில் கயிறு கட்டி, கயிறு தொடும் ஒவ்வொரு சிப்பிக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டேன். இரண்டு மடல்களும் (சிப்பியின் இரு பாதி ஓடுகள்) சேர்ந்திருக்கின்றனவா, குவிந்த பக்கம் எங்கே பார்க்கிறது, விளிம்பு உடைந்ததா தேய்ந்ததா, ஓட்டில் துளைகள் உள்ளனவா என்பவை அவை. இது சலிப்பூட்டும் வேலை. ஆயினும் பின்னர் செய்த எந்த ஆய்வக வேலையையும்விட இதுவே அதிகம் சொல்லியது.

அறுப்பதும் படியெடுப்பதும்

டைல் வெட்டும் மெஷினில் நீர் ஊற்றி அறுக்கும் டைமண்ட் பிளேடு போட்டு, படுகைத் தளத்துக்கு, அதாவது அடுக்குகள் படிந்த தளத்துக்கு, செங்குத்தாகக் கல்லை அறுத்தேன். உலர வைத்து அறுத்தால் தூசு நுரையீரலுக்குப் போகும். இந்தக் கல்லில் குவார்ட்ஸ் மணலும் இருப்பதால் அது கூடுதல் ஆபத்து. அறுத்த முகத்தைக் கண்ணாடிப் பலகையின் மேல் கார்பொரண்டம் தூளும் நீரும் சேர்த்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் 220, பிறகு 400, 600, இறுதியில் 1000 என்று தூளின் நயம் கூடிக்கொண்டே போகும். ஒரு தூளிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கல்லையும் கண்ணாடியையும் கையையும் நன்றாகக் கழுவாவிட்டால், முந்தைய தூளின் ஒரே ஒரு பரல் கடைசிக் கட்டத்தில் நீண்ட கீறலைப் போட்டுவிடும்.

நன்றாகத் தேய்த்த முகத்தில் நீரைத் தடவினாலே பாதி விவரம் தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள, துறையில் ‘பீல்’ என்று சொல்லப்படும் படி எடுக்க வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முகத்தைச் சில விநாடிகள் அமிழ்த்தினால், சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் படிகங்கள் அவற்றின் அமைப்புக்கேற்ப ஏற்ற இறக்கமாகக் கரைந்து, நுண்ணிய மேடுபள்ளங்கள் உருவாகும். அமிலத்தை நீரில் ஊற்றித்தான் நீர்க்கச் செய்ய வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அரித்த முகத்தை விரலால் தொடாமல் கழுவி, முழுவதும் உலரவிட்டு, அதன் மேல் அசிட்டோனை ஊற்றி, அது ஆவியாகும் முன் அசிட்டேட் தாளை ஒரு விளிம்பிலிருந்து மெல்லச் சாய்த்துப் பரப்ப வேண்டும். தாளின் அடிப்புறம் அசிட்டோனில் இளகி மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிறகு இறுகும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவைத்து உரித்தெடுத்தால், கல்லின் நுண்ணமைப்பு முழுவதும் தாளில் பதிந்திருக்கும்; இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

தாள் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் ஓ.எச்.பி. தாள்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். அசிட்டோன் அவற்றை இளக்காது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் எதுவும் பதியாது. செல்லுலோஸ் அசிட்டேட் என்று கேட்டு வாங்கி, ஒரு துண்டில் அசிட்டோன் சொட்டு விட்டு, அது ஒட்டும் பதத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்வது பாதுகாப்பு.

சில கற்களுக்குச் சாயமும் ஏற்றினேன். அலிசரின் ரெட் எஸ், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகிய இரண்டையும் தனித்தனியே 1.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, மூன்று பங்குக்கு இரண்டு பங்கு என்ற அளவில் கலப்பது டிக்சன் 1960களில் வகுத்த முறை. இரும்பு இல்லாத கால்சைட் இளஞ்சிவப்பாகும். இரும்பு கலந்த கால்சைட் ஊதாவிலிருந்து நீலம் வரை போகும். மக்னீசியமும் கலந்த கார்பனேட்டுக் கனிமமான டோலமைட் சாயம் ஏற்காது. இரும்புள்ள டோலமைட் நீலப்பச்சையாகும். ஃபெர்ரிசயனைடுக் கரைசலைச் சூடாக்கவோ அடர் அமிலத்துடன் சேர்க்கவோ கூடாது; நச்சு வாயு வரும். காற்றோட்டமுள்ள இடத்தில், அன்றன்று கலந்து அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பெயரிடும் முறை

சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் சூட்ட இரண்டு முறைகள் பரவலாக வழங்குகின்றன. ராபர்ட் ஃபோக் 1959இல் வெளியிட்டு 1962இல் விரிவாக்கிய முறை, கல்லில் என்னென்ன துகள்கள் உள்ளன, அவற்றை இணைப்பது நுண்ணிய சுண்ணச் சேறா, பிற்பாடு வளர்ந்த தெளிந்த படிகமா என்று கேட்கிறது. சேறு மைக்ரைட், தெளிபடிகம் ஸ்பார். உயிரோட்டுத் துண்டுகளும் சேறும் சேர்ந்தால் பயோமைக்ரைட். ஓட்டுத் துண்டுகளும் தெளிபடிகமும் சேர்ந்தால் பயோஸ்பாரைட். ராபர்ட் டன்ஹாம் 1962இல் தந்த முறையோ, பாரத்தைத் தாங்குவது யார் என்று கேட்கிறது. சேறு இருந்தும் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றால் பேக்ஸ்டோன். சேற்றில் துகள்கள் மிதந்தால் வேக்ஸ்டோன். அப்படி மிதப்பவை பத்து சதவீதத்துக்கும் குறைந்தால் மட்ஸ்டோன். சேறே இல்லாவிட்டால் கிரெயின்ஸ்டோன். உயிர்கள் வளர்ந்த இடத்திலேயே ஒன்றையொன்று பிணைத்து நின்றது பவுண்ட்ஸ்டோன். பழைய அமைப்பு அடையாளம் தெரியாமல் அழிந்திருந்தால் படிகச் சுண்ணாம்புக்கல் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அரியலூர்ச் சிப்பிகளுக்கு டன்ஹாமின் முறை மட்டும் போதாது, ஏனெனில் அதில் துகளின் பருமனுக்கு இடமில்லை. ஆஷ்டன் எம்ப்ரியும் எட்வர்ட் க்ளோவனும் கனடாவின் பேங்க்ஸ் தீவிலுள்ள டெவோனியன் என்னும் மிகப் பழைய காலத்துப் பவளப்பாறைகளை ஆய்ந்து 1971இல் சேர்த்த பிரிவுகள் இங்கே கைகொடுக்கின்றன. இரண்டு மில்லிமீட்டரை விடப் பெரிய துண்டுகள் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்து, அவை இடைப்பொருளில் மிதந்தால் ஃப்ளோட்ஸ்டோன். அவையே ஒன்றையொன்று தாங்கினால் ரட்ஸ்டோன். பெரிய துண்டுகளுக்கு இடையே உள்ள பொருளுக்கு டன்ஹாம் பெயரைத் தனியே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு வெறும் ரட்ஸ்டோன் என்று எழுதுபவர்கள் ஏராளம். என் கருத்தில் அது பாதிப் பெயர்தான்.

ஒரே சிப்பி, இரண்டு அடுக்கு

இந்த வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்டவை, ஒரே முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த இரண்டு சிப்பி அடுக்குகள். இரண்டிலும் அதிகம் இருந்தது பிக்னோடோன்டே வெசிகுலாரிஸ் என்னும் தடித்த சிப்பி. பழைய நூல்கள் இதைக் கிரைஃபியா என்று குறிப்பதால்தான் இந்த அடுக்குகளுக்குக் கிரைஃபியாச் சுண்ணாம்புக்கல் என்ற பெயர் நிலைத்தது. இடையிடையே விளிம்பு பல்பல்லாக மடிந்த அஜெரோஸ்ட்ரியாவும் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு அடுக்குகளுக்கும் வேறுபாடு தெரியாது.

பிக்னோடோன்டே வாழ்ந்த விதம் தெரிந்திருந்தால்தான் அதன் கிடப்பைப் படிக்க முடியும். அதன் இடமடல் கிண்ணமாகக் குழிந்து தடித்திருக்கும். வலமடல் தட்டையாக, சில சமயம் உள்வாங்கி, மூடியாக அமையும். உயிரோடு இருந்தபோது அது குவிந்த இடமடலை மென்சேற்றில் பதித்து, மூடியை மேலே வைத்துக் கிடந்தது. ஆகவே குவிந்த பக்கம் கீழே, இரண்டு மடல்களும் சேர்ந்தபடி இருந்தால், அது வாழ்ந்த கிடப்பிலேயே புதைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மாறாக, மூடி பிரிந்துபோன தனி இடமடல் குவிந்த பக்கத்தை மேலே காட்டிக் கவிழ்ந்து கிடந்தால், நீரோட்டம் அதைப் புரட்டியிருக்கிறது; கவிழ்ந்த நிலையில்தான் ஓடு நீரோட்டத்துக்கு அசையாமல் நிற்கும்.

கீழடுக்கில் மடல் சேர்ந்த சிப்பிகள் மிகுதி. பெரும்பாலானவை குவிந்த பக்கத்தைக் கீழே வைத்திருந்தன. அறுத்த முகத்தில் அவற்றுக்கு இடையே மங்கிய பழுப்புநிறச் சேறும், அதில் சிதறிய பிரையோசோவா (கூட்டமாக வாழும் சிறு கடலுயிர்) துண்டுகளும், கொஞ்சம் நுண்மணலும் இருந்தன. பெரிய சிப்பிகள் ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன. ஃப்ளோட்ஸ்டோன், இடைப்பொருள் வேக்ஸ்டோன் என்று எழுதினேன். ஒரு சிப்பியின் உட்குழிவில் பாதி வரை சேறு இறங்கிப் படிந்து, அதற்கு மேலுள்ள வெற்றிடத்தைத் தெளிபடிகம் நிரப்பியிருந்தது. சேற்றுக்கும் படிகத்துக்கும் இடையிலான அந்த நேர்கோடு, கொத்தனாரின் ரசமட்டம் போலப் பழைய கடலடியின் கிடைமட்டத்தை இன்றும் காட்டுகிறது. அதை என் அம்புக்குறியோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தின. அம்புக்குறி இல்லாமல் உருண்டு கிடக்கும் கல்லுக்கு மேல் எது, கீழ் எது என்று கண்டுபிடிக்க இதுவே வழி.

மேலடுக்கின் கதை வேறு. அங்கே தனி மடல்களே மிகுதி. அவற்றிலும் கவிழ்ந்தவை அதிகம். விளிம்புகள் உடைந்து மழுங்கியிருந்தன. அறுத்த முகத்தில் ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து பாரத்தைத் தாங்கின. இடைப்பொருளில் மணலும் உருண்ட ஓட்டுத் துகள்களும் நெருங்கி நிற்க, துகள்களுக்கு இடையே சில இடங்களில் சேறும் சில இடங்களில் தெளிபடிகமும் இருந்தன. ரட்ஸ்டோன், இடைப்பொருள் பேக்ஸ்டோன் முதல் கிரெயின்ஸ்டோன் வரை என்பது என் குறிப்பு.

இந்த மேலடுக்கின் ஒரு தடித்த மடலில்தான் மிகவும் நுட்பமான சான்று கிடைத்தது. மடலின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கடற்பஞ்சு குடைந்த சிற்றறைகள் வரிசையாக இருந்தன. உட்புறத்தில் குடைவு இருப்பதால், சிப்பி செத்து மடல் திறந்த பிறகும் அது நெடுநாள் கடலடியில் மூடப்படாமல் கிடந்திருக்கிறது. அந்தச் சிற்றறைகளுக்குள் நிரம்பியிருந்தது நுண்சேறு. ஆனால் மடலைச் சுற்றி இருந்ததோ மணல் கலந்த துகள்கள். குடைவுக்குள் இருக்கும் சேறு சுற்றிலும் இல்லை என்றால், அந்த ஓடு முதலில் சேற்றுத் தரையில் கிடந்திருக்க வேண்டும். பிறகு ஏதோ ஒரு வலிய நீரோட்டம் சேற்றை அள்ளிச் சென்று ஓட்டை மட்டும் மீதம் விட்டிருக்க வேண்டும். குடைவுக்குள் ஒளிந்திருந்த சேற்றை மட்டும் அதனால் எடுக்க முடியவில்லை. ஆகவே மேலடுக்கு தனியான ஒரு கடலின் படிவு அன்று. கீழடுக்கைப் போன்ற சேற்றுத் தரையைப் புயல் கிளறிச் சலித்தெடுத்த மிச்சமாகவே அதை விளக்குகிறேன். சாதாரண நாளின் அலை எட்டாத, புயலலை மட்டும் எட்டும் ஆழம் என்று கொண்டால், இரண்டு அடுக்குகளுக்கும் ஒரே இடம் போதும். கடல் மட்டம் ஏறி இறங்கியது என்று ஒவ்வோர் அடுக்குக்கும் கதை கட்டத் தேவையில்லை. சேறு இல்லாத கல்லைக் கண்டதும் ‘ஆழம் குறைந்தது’ என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. டன்ஹாம் பெயர் சொல்வது நீரின் வேகத்தை, ஆழத்தை அன்று.

இனோசெராமஸ் கல்லும் போலி ஸ்பாரும்

காட்டுப்பிரிங்கியம் பக்கத்தில் கிடைக்கும் இனோசெராமஸ் (அழிந்துபோன ஒரு சிப்பியினம்) சுண்ணாம்புக்கல், பார்வைக்குத் தூசு படிந்தது போன்ற மங்கல் கல். இனோசெராமஸ் ஓட்டின் வெளியடுக்கு, ஓட்டின் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் கால்சைட் பட்டகங்களால் ஆனது. ஓடு சிதையும்போது பட்டகங்கள் தனித்தனியாக உதிர்ந்து சேற்றில் கலந்துவிடும். படியில் அவை தெளிந்த ஊசிகளாகத் தெரிவதால், சேற்றுக்கு இடையே ஸ்பார் வளர்ந்திருப்பதாகத் தோன்றும். பிரித்தறிய வழி உண்டு. வெற்றிடத்தில் வளரும் படிகம் சுவரில் தொடங்கி உள்நோக்கிப் பருக்கும். ஓட்டிலிருந்து உதிர்ந்த பட்டகம் நெடுக ஏறக்குறைய ஒரே பருமனோடு, இரு முனையிலும் வெட்டியது போல முடியும். இந்தக் கல்லுக்கு வேக்ஸ்டோன் என்ற பெயரே பொருந்தியது. ஃபோக்கின் முறையில் பயோமைக்ரைட். அமைதியான நீர், மெல்லிய சேற்றுத் தரை. இதற்கு மேல் அதில் நான் வாசித்தது அதிகமில்லை.

தொட்டுக்கொண்டிருப்பதா, நசுங்கியதா

பிரையோசோவாவும், ஓடுடைய ஒருசெல் உயிரான ஃபொராமினிஃபெராவும் நிறைந்த கற்களுக்குப் படி போதாது. 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்த மெல்லிய சீவல், அதாவது தின் செக்‌ஷன், தேவைப்பட்டது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்து தந்தார்கள். முனைவாக்கிய ஒளியில் நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகளின் தகடுகள் உடனே தனித்துத் தெரியும். ஒவ்வொரு தகடும் ஒரே படிகம் என்பதால், நுண்ணோக்கியின் மேடையைத் திருப்பும்போது முழுத் தகடும் ஒரே நேரத்தில் இருண்டு ஒரே நேரத்தில் ஒளிரும். அதைச் சுற்றி வளர்ந்த ஸ்பார் அதே படிகத்தின் தொடர்ச்சியாகவே வளர்ந்திருப்பதால், தகடு எங்கே முடிகிறது, ஸ்பார் எங்கே தொடங்குகிறது என்பதைத் தகட்டின் நுண்துளைகளில் படிந்த மங்கலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சீவலில் முள் முளைத்த சைடரோலைட்டஸ் ஃபொராமினிஃபெராக்கள் இருந்தன. முட்கள் பலவற்றில் உடையாமல் இருந்தன. நெடுந்தூரம் உருண்டிருந்தால் முதலில் போவது அவைதான். ஆனால் அவற்றைச் சுற்றித் துகள்கள் நெருங்கி நின்றன, சேறு கொஞ்சமே. முதல் பார்வையில் பேக்ஸ்டோன். எனினும் துகள்கள் தொடும் இடங்களைக் கூர்ந்து பார்த்தால், ஒன்று மற்றொன்றுக்குள் அழுந்திக் கரைந்து நின்றது; சில இடங்களில் அழுத்தத்தால் கல் கரைந்த தடமான பல்பல்லான ஸ்டைலோலைட் கோடுகள் ஓடின. புதைந்த பிறகு மேற்பாரத்தால் சேறு இறுகியும் கால்சைட் கரைந்தும் போனால், மிதந்துகொண்டிருந்த துகள்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். படிந்த அன்று வேக்ஸ்டோனாக இருந்தது இன்று பேக்ஸ்டோனாகத் தோன்றும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சீவல் என்பது முப்பரிமாணக் கல்லின் ஒரு தளம் மட்டுமே. ஒரு தளத்தில் தொடாத துகள்கள் அதற்கு முன்னாலோ பின்னாலோ தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒழுங்கற்றுக் குவிந்த உருண்டைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கக் கனஅளவில் ஏறக்குறைய அறுபது சதவீதம் இருக்க வேண்டும். வளைந்த ஓடுகளும் கிளைத்த பிரையோசோவாக்களும் அதைவிட வெகு குறைவாக இருந்தாலும் தாங்கி நின்றுவிடும். ஆகவே சதவீதத்தை வைத்துத் தாங்குவது யார் என்று தீர்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஓட்டுக்கு அடியில் சேறு இறங்காத வெற்றிடமோ, அதை நிரப்பிய தெளிபடிகமோ இருக்கிறதா என்று தேடுவது நல்லது. ஓர் ஓடு குடையாக நின்று அடியில் இடம் விட்டிருந்தால், அது மற்றொன்றின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறது என்று பொருள். இந்தச் சீவலில் அப்படிப்பட்ட இடங்கள் ஒன்றிரண்டே கண்ணில் பட்டன.

கரைத்துப் பார்த்தது

மணல் நின்றதா, குறைந்ததா என்ற கேள்விக்கு, எஞ்சிய துண்டுகளை நொறுக்கி, எடை போட்டு, நீர்த்த அமிலத்தில் நுரை அடங்கும் வரை கரைத்து, மீதியை வடிகட்டி உலர்த்தி மீண்டும் எடை போட்டேன். எல்லா அடுக்குகளிலும் ஏதோ ஓரளவு மணல் மிஞ்சியது. புயல் அடுக்கில் அதிகம், இனோசெராமஸ் கல்லில் களியும் தூசியும் மட்டுமே. லென்ஸில் பார்த்தால் குவார்ட்ஸ் பரல்கள் முனை மழுங்காமல் இருந்தன; அவற்றோடு வெளிறிய இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாரும் இருந்தது. ஃபெல்ஸ்பார் நெடுந்தூரப் பயணத்திலும் நெடுங்கால வானிலைச் சிதைவிலும் தாங்காது. மேற்கே உள்ள நைஸ் என்னும் பழம்பாறை நிலம் அருகிலேயே இருந்தது. ஆறுகள் மணலைக் கொண்டுவருவதை முழுக்க நிறுத்தவில்லை, வரத்து மட்டும் குறைந்தது என்று எடுத்துக்கொண்டேன். பவளமும், சுண்ணம் சிற்றுருண்டையாகப் படிந்த ஊயிடும் இல்லாமல் சிப்பியும் பிரையோசோவாவுமே இந்தக் கடலடியில் கோலோச்சியதற்கு இந்த மணலும் கலங்கலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கல்லக்குடி

கல்லக்குடிக் கல் தோற்றத்திலேயே வேறு. வெளிர்நிறத்தில், கெட்டியாக, படுகைக்கோடே தெரியாமல் நிற்கும் பகுதிகளில் பவளமும் சுண்ணப் பாசியும் நிறைந்திருக்கும். ‘பவளப்பாறை’ என்றதும் பவுண்ட்ஸ்டோன் என்று எழுதக் கை துடிக்கும். நான் அறுத்த துண்டுகளில் பவளங்கள் பல பக்கவாட்டிலும் தலைகீழாகவும் கிடந்தன; உடைந்த பவளத்தின் எல்லாப் பக்கத்திலும் சிவப்புப் பாசி மேலோடாகப் படர்ந்திருந்தது. எல்லாப் பக்கத்திலும் பாசி வளர வேண்டுமானால் அந்தத் துண்டு அவ்வப்போது புரண்டிருக்க வேண்டும். ஆகவே அந்தத் துண்டுகளுக்கு ரட்ஸ்டோன் என்றே எழுதினேன். பாறையின் உடல் அருகில் இருந்திருக்கும், இது அதன் அடிவாரத்து இடிபாடு. நிமிர்ந்து வளர்ந்த பவளத்தின் மேல் பாசி ஏடு ஏடாகப் படர்ந்து, அடுத்த பவளம் அதன்மேல் வேரூன்றிய ஒரு துண்டுக்கு மட்டும் பவுண்ட்ஸ்டோன் என்ற பெயரைக் கொடுத்தேன்.

படியில் பாசியின் நுண்ணிய செல் வலை ஏறக்குறையச் சிதையாமல் தெரிய, பக்கத்திலேயே பவளத்தின் உள்ளமைப்பு முழுவதும் கரடுமுரடான ஸ்பாராக மாறியிருந்தது. பவள எலும்பு, கால்சைட்டின் அதே வேதிச் சேர்மமும் வேறு படிக அமைப்பும் கொண்ட அரகோனைட். அது எளிதில் கரைந்து அச்சு மட்டும் மிஞ்சும், பிறகு அச்சைக் கால்சைட் நிரப்பும். பாசியும் பிக்னோடோன்டே போன்ற சிப்பியும் தொடக்கத்திலேயே கால்சைட்டால் ஆனவை. இதை நினைவில் வைக்காவிட்டால், கல்லங்குறிச்சியில் சிப்பி மட்டுமே வாழ்ந்தது என்று எண்ணத் தோன்றும். அரகோனைட் ஓடுடைய நத்தைகளும் மற்றச் சிப்பிகளும் கரைந்து அச்சாகிப் போயிருக்கலாம். சாயம் ஏற்றியபோது பவள அச்சின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் நடுவில் ஊதாவும் வந்தன. முதலில் வளர்ந்த கால்சைட்டில் இரும்பு இல்லை. ஆழப் புதைந்து ஆக்சிஜன் தீர்ந்த நீரில் பின்னர் வளர்ந்ததில் இரும்பு ஏறியிருக்கிறது.

கருடமங்கலத்துக் கிளிஞ்சல் கல்லையும் ஒரு துண்டு அறுத்தேன். மெருகேற்றினால் மிக அழகாக இருக்கும். திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்ற பெயரில் அலங்கார வேலைகளுக்குப் போன கல் அது. ஆனால் அது கடைக்குப் போகும் வழியில் கிடைத்த, இடமும் மேல்கீழும் தெரியாத துண்டு. கிளிஞ்சல் ரட்ஸ்டோன் என்ற பெயரோடு நிறுத்தி, படிந்த விதம் என்ற கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு படியின் கண்ணாடித் தகட்டிலும் ஒட்டிய சீட்டில் இடம், அடுக்கு, அம்புக்குறி, பெரிய துண்டுகளுக்கான பெயர், இடைப்பொருளுக்கான பெயர், அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒரு வரி ஆகியவை இருக்கும். சைடரோலைட்டஸ் சீவலில் இன்னும் ‘பேக்ஸ்டோன்?’ என்று கேள்விக்குறியோடுதான் எழுதியிருக்கிறது. அதே கல்லின் மறுபாதியைப் படுகைத் தளத்துக்கு இணையாக அறுத்து, தொடும் இடங்களில் எத்தனை அழுந்தியவை, எத்தனை இயல்பானவை என்று எண்ணிய பிறகுதான் அந்தக் குறியை அழிக்க எண்ணியிருக்கிறேன்.